இடைக்காலத் தேர்தலைக் கணிக்க உட்காரும் இளையவர்களுக்கு

வருகிற நவம்பர் 3-ம் தேதி அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். அதிபர் பதவிக்குப் போட்டி இல்லை. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் 35 இடங்களுக்கும், 36 மாநிலங்களின் ஆளுநர் பதவிக்கும் வாக்குப்பதிவு. நம் பிள்ளைகள் சிலர் இப்போதே கணிப்பு எழுதக் கிளம்பிவிட்டார்கள். நியூ ஜெர்சியில் பகலில் ஐ.டி. வேலையும் ராத்திரியில் யூடியூபுமாக இருக்கிறவர் ஒருவர். சென்னையில் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தைக் கவனிப்பவர் ஒருவர். புள்ளியியல் படித்த பெண் ஒருத்தி. "எங்கே ஆரம்பிக்கணும் சார்?" என்றார்கள். இந்தத் தேர்தல்களை ரொம்ப காலமாகப் பின்தொடர்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. திசையைச் சொல்லிவிட்டுப் பெருமைப்படாதீர்கள்.

இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி சபையில் இடங்களை இழக்கும். கடந்த நூறு ஆண்டுகளில் இது பொய்த்தது மூன்றே முறை. 1934-ல் பெருமந்தத்தின் நடுவே ரூஸ்வெல்ட்டின் கட்சிக்கு இடங்கள் கூடின. 1998-ல் கிளின்டனைப் பதவிநீக்கம் செய்யக் கிளம்பிய குடியரசுக் கட்சியின் மேல் மக்களுக்கு எரிச்சல். 2002-ல் செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவு ஆறவில்லை. ஆகவே "டிரம்ப் கட்சிக்குச் சபையில் இடம் குறையும்" என்று எழுதுவது, பஞ்சாங்கத்தைப் பார்த்து அமாவாசை தேதி சொல்வதுபோல. எத்தனை குறையும் என்பதற்குத்தான் நீங்கள் தேவை. 1994-ல் அதிபர் கட்சி இழந்தது 54. 2010-ல் 63. 2018-ல் 40. 2022-ல் வெறும் 9. ஒன்பதுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது உங்கள் தொழில்.

2. இழப்பதற்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

2010-ல் ஜனநாயகக் கட்சிக்கு ஏன் 63 போயிற்று? ஒபாமாவின் சுகாதாரச் சட்டம், வேலையின்மை என்று காரணங்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு எளிய கணக்கு உண்டு. 2006, 2008 என்று அடுத்தடுத்து ஜெயித்து அந்தக் கட்சி 257 இடங்களுக்கு வீங்கியிருந்தது. அவற்றில் ஏறத்தாழ ஐம்பது தொகுதிகள் 2008 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மெக்கெயினுக்கு வாக்களித்தவை. பிறத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

இன்றைய நிலை வேறு. 2024-ல் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. அதே ஆண்டு அதிபர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்த தொகுதியில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் 13 பேர். கமலா ஹாரிஸ் ஜெயித்த தொகுதியில் குடியரசுக் கட்சியினர் 3 பேர். மற்ற எல்லோரும் அவரவர் கோட்டைக்குள். பெரும்பான்மைக்கு 218 வேண்டும். கட்சி மாற மூன்று இடம் போதும். இதை மனதில் நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். "பெரும்பான்மை மாறுமா?" என்பதும் "எத்தனை இடம் மாறும்?" என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதலாவதற்கு உறுதியாக ஆம் சொல்லிவிட்டு, இரண்டாவதற்குச் சின்ன எண் சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.

2024-ல் சபைப் பெரும்பான்மையைத் தீர்மானித்தது அயோவாவின் 1-வது தொகுதி, கொலராடோவின் 8-வது, பென்சில்வேனியாவின் 7-வது. மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 7,300 வாக்குச் சொச்சம். நாடு முழுக்கச் சபைக்கு வாக்களித்தவர்களோ பதினான்கு கோடிக்கு மேல். உங்கள் நேரத்தை இப்படிப்பட்ட முப்பது நாற்பது தொகுதிகளில் செலவிடுங்கள். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலின் சியாட்டில் தொகுதியைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஆர்வம் இருக்கும். தாராளமாகக் கட்டுரை எழுதுங்கள். கணிப்பு அட்டவணையில் அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

3. எந்த வரைபடம் என்று தெரியாமல் எண்ண ஆரம்பிக்காதீர்கள்.

தொகுதி எல்லைகளை வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் மாற்றுவார்கள். இந்த முறை அந்த மரபு காற்றில் போயிற்று. டெக்சாஸ் சட்டமன்றம் 2025 ஆகஸ்டில் புது வரைபடம் போட்டது. குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூட்டுவது நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை. பதிலுக்கு கலிபோர்னியா அதே ஆண்டு நவம்பரில் 50-ம் முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விட்டு, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடம் சாதகமாக்கிக்கொண்டது. மிசூரியும் வட கரோலைனாவும் தங்கள் பங்குக்கு இறங்கின. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு "இந்தத் தொகுதி 2024-ல் இவ்வளவு" என்று எழுதினால் தொகுதியே வேறாக இருக்கும். எழுதுகிற அன்றைக்கு நடப்பில் உள்ள வரைபடம் எது என்று மாநில அரசின் தேர்தல் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வரைந்தவர் நினைத்தபடியே வாக்காளர் நடப்பார் என்று கட்டாயம் இல்லை. டெக்சாஸின் தென்பகுதியில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2024-ல் டிரம்ப் பக்கம் பெருமளவு சாய்ந்தார்கள். புது வரைபடத்தின் சில தொகுதிகள் அந்தச் சாய்வு நீடிக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. சாய்வு பாதியாகத் திரும்பினாலே ஐந்து என்பது மூன்றாகலாம். பேராசைப்பட்டு வரைந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டது அமெரிக்காவில் முன்பும் உண்டு.

4. செனட்டுக்குத் தனி நோட்டு போடுங்கள்.

சபையில் வீசுகிற காற்று செனட்டிலும் அப்படியே வீசும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் முதலில் விழும் குழி. செனட்டில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத்தான் தேர்தல். எந்த மாநிலங்கள் என்பதில் பாதி முடிவு அடங்கிவிடுகிறது. 2018-ல் சபையில் 40 இடம் பறித்த அதே ஜனநாயகக் கட்சி, அதே நாளில், இண்டியானா, மிசூரி, வட டகோடா, ஃபுளோரிடா ஆகிய நான்கு செனட் இடங்களைப் பறிகொடுத்தது. அரிசோனாவையும் நெவாடாவையும் பிடித்ததால் நிகர இழப்பு இரண்டோடு நின்றது.

இந்த ஆண்டு குடியரசுக் கட்சி 53, எதிர்த்தரப்பு 47. சமநிலை வந்தால் துணை அதிபர் வான்ஸின் வாக்கு இருப்பதால் ஜனநாயகக் கட்சிக்கு நிகரமாக நான்கு வேண்டும். குடியரசுக் கட்சி காக்க வேண்டிய இடங்களில், 2024-ல் ஹாரிஸ் ஜெயித்த மாநிலம் மெய்ன் ஒன்றே ஒன்று. வட கரோலைனாவில் டிரம்ப் மூன்று புள்ளியில் ஜெயித்தார், எட்டக்கூடியது. அதற்கப்புறம் ஒஹையோ, அயோவா, அலாஸ்கா, டெக்சாஸ்: எல்லாமே பத்துப் புள்ளிக்கு மேல் டிரம்புக்குப் போனவை. தன் பக்கம் ஜார்ஜியாவையும் மிச்சிகனையும் விடாமல் பிடித்துக்கொண்டு, இவற்றில் இரண்டையாவது எட்டிப் பிடிக்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. சபையைப் போல நினைத்து ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள் என்கிறேன்.

5. யார் வாக்களிக்க வருகிறார்கள்?

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய கேள்வி. 2014-ல் தகுதியுள்ளவர்களில் நூற்றுக்கு 37 பேர்கூட வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பின் அவ்வளவு குறைவு அதுதான். நான்கே ஆண்டு கழித்து 2018-ல் பாதிப் பேர் வந்தார்கள். ஒரு நூற்றாண்டில் காணாத கூட்டம். அதிபர் தேர்தலுக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் இதற்கு வருவதில்லை. வராதவர்கள் யார் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது, அதுதான் சூட்சுமம்.

ஒபாமா காலத்தில் வீட்டில் இருந்துவிட்டவர்கள் இளைஞர்களும் சிறுபான்மையினரும். அவர்கள் ஜனநாயகக் கட்சியின் ஆட்கள். வயதானவர்களும் வசதியானவர்களும் தவறாமல் வந்து குடியரசுக் கட்சிக்குப் போட்டார்கள். அதனால் "வாக்குப்பதிவு குறைந்தால் குடியரசுக் கட்சிக்கு லாபம்" என்றொரு சூத்திரம் உண்டாயிற்று. டிரம்ப் வந்தபின் அது தலைகீழ். பட்டதாரிகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் போய்விட்டார்கள். எப்போதாவது வாக்களிக்கிற, கல்லூரி வாசல் மிதிக்காத பலர் டிரம்ப் என்ற பெயருக்காகவே வருகிறார்கள். நவம்பர் 3-ல் அந்தப் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. 2018-லும் 2022-லும் இல்லை. பழைய புத்தகத்துச் சூத்திரத்தை இன்றைக்கும் ஒப்பிக்கிறவர்கள் தொலைக்காட்சியில் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

6. இடைத்தேர்தல் முடிவுகளைப் பாருங்கள், ஆனால் மயங்காதீர்கள்.

உறுப்பினர் இறந்தோ விலகியோ நடக்கிற இடைத்தேர்தல்களில் நல்ல தகவல் கிடைக்கும். டிரம்ப் இருபது புள்ளியில் ஜெயித்த பென்சில்வேனியாவின் 18-வது தொகுதியில் 2018 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் கானர் லாம்ப் சில நூறு வாக்கில் ஜெயித்தபோதே அந்த நவம்பரின் வாசனை வந்துவிட்டது. 2025 டிசம்பரில் டென்னசியின் 7-வது தொகுதியைக் குடியரசுக் கட்சி தக்கவைத்தது. ஆனால் டிரம்ப் 22 புள்ளியில் ஜெயித்த இடத்தில் வித்தியாசம் ஒன்பது புள்ளிதான்.

இப்போது மறுபக்கம். 2023-லும் 2024 தொடக்கத்திலும் இதேபோல் இடைத்தேர்தல்களில் ஜனநாயகக் கட்சி நன்றாகவே செய்தது. 2024 நவம்பரில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இடைத்தேர்தலுக்கு வருகிறவர்கள் அரசியலை மூச்சாகக் கொண்டவர்கள். மேலே சொன்ன பட்டதாரிக் கூட்டம். இடைக்காலத் தேர்தலின் கூட்டம் அதற்கும் அதிபர் தேர்தல் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கும். ஆகவே இடைத்தேர்தலில் தெரிகிற சாய்வில் ஒரு பங்கைத்தான் நவம்பர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

7. அதிபரின் செல்வாக்கு விகிதம் ஒரு குறிப்பு மட்டுமே.

1998-ல் கிளின்டனுக்கும் 2002-ல் புஷ்ஷுக்கும் அறுபதுக்கு மேல் இருந்தது. அவர்கள் கட்சி தப்பித்தது. சரி. ஆனால் 2018-ல் டிரம்புக்கும் 2022-ல் பைடனுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, நாற்பதை ஒட்டி. ஒருவர் கட்சிக்கு 40 இடம் போயிற்று, மற்றவர் கட்சிக்கு 9. அதிலும் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், பெட்ரோல் கேலன் ஐந்து டாலரைத் தொட்டது. அந்த எண்களை மட்டும் பார்த்தவர்கள் பெரிய சரிவு என்று எழுதினார்கள்.

அதே ஜூன் 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது. ஆகஸ்ட் 2-ல் கன்சாஸ், வழக்கமாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்கிற மாநிலம், கருக்கலைப்புக்கு எதிரான அரசியலமைப்புத் திருத்தத்தை 59-க்கு 41 என்று நிராகரித்தது. கண் திறந்திருந்தவர்களுக்கு அன்றைக்கே விஷயம் புரிந்திருக்க வேண்டும். நவம்பரில், பைடன் மேல் "கொஞ்சம் அதிருப்தி" என்று சொன்னவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் அவர் கட்சிக்கே வாக்களித்தார்கள். அதிபர் மேல் கோபம் இருக்கலாம். எதிரில் நிற்பவர் மேல் பயம் கூடுதலாக இருந்தால் கோபம் வாக்காக மாறாது.

8. கருத்துக்கணிப்பின் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கணிப்பு நடத்தும் நிறுவனங்கள் அறிக்கையோடு அட்டவணையும் வெளியிடும். அதைத் திறந்து நான்கு இடம் பாருங்கள். கேட்டது பதிவு செய்த வாக்காளரையா, வாக்களிக்க வாய்ப்புள்ளவரையா? எத்தனை பேரை? 2024-ல் யாருக்கு வாக்களித்ததாகச் சொல்கிறார்கள்? பணம் கொடுத்தது யார்? மூன்றாவது வரி முக்கியம். ஒரு மாநிலத்தில் டிரம்ப் மூன்று புள்ளியில் ஜெயித்திருக்க, மாதிரியில் ஹாரிஸுக்கு வாக்களித்ததாகச் சொல்பவர்களே அதிகம் என்றால், அந்தக் கணிப்பு யாருடைய தொலைபேசியை எட்டியது என்று யோசியுங்கள்.

ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை வரம்பு மூன்று புள்ளி என்று போடுவார்கள். அது ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கு. இருவருக்கும் இடையிலான முன்னிலைக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பு. தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்கிறவர் எத்தனை பேர்? பியூ ஆய்வு மையத்துக்கு 2018-லேயே நூற்றுக்கு ஆறுதான்.

மெய்ன் மாநிலத்தை மறக்காதீர்கள். 2020 செப்டம்பரில் குவினிபியாக் கணிப்பு, குடியரசுக் கட்சியின் செனட்டர் சூசன் காலின்ஸ் பன்னிரண்டு புள்ளி பின்னால் இருப்பதாகச் சொன்னது. மற்ற கணிப்புகளும் அதே பக்கம்தான். காலின்ஸ் எட்டரைப் புள்ளியில் ஜெயித்தார். அதே காலின்ஸின் இடம்தான் இந்த ஆண்டும் வாக்குக்கு வருகிறது. அதற்காகக் கணிப்புகளே குப்பை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2022-ல் கணிப்புகள் சரியாகத்தான் இருந்தன. குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு அலை என்று கூவியது தொலைக்காட்சி மேசை.

9. வேட்பாளர் யார் என்று பாருங்கள்.

2022, ஜார்ஜியா. ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. ஆளுநர் பதவிக்கு நின்ற குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் ஏழு புள்ளிக்கு மேல் ஜெயித்தார். செனட்டுக்கு நின்ற அதே கட்சியின் ஹெர்ஷெல் வாக்கர், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம், கெம்பைவிட ஏறத்தாழ 2 லட்சம் வாக்கு குறைவாக வாங்கி, மறுவாக்குப்பதிவில் தோற்றார். கட்சி பார்த்தே வாக்களிக்கிற காலத்திலும் இரண்டு லட்சம் பேர் ஆளைப் பார்த்தார்கள். உட்கட்சித் தேர்தல் முடிந்து இரண்டு பக்கமும் யார் என்று தெரியும் முன் ஒரு செனட் இடத்தைப் பற்றி அறுதியாக எழுதுகிறவரை நான் நம்புவதில்லை.

10. சதவீதத்தைத் தீர்ப்பாகப் படிக்காதீர்கள்.

2022-ல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் வாஷிங்டன் மாநிலத்தின் 3-வது தொகுதியில் மேரி குளுசன்கேம்ப் பெரஸுக்கு நூற்றில் இரண்டு வாய்ப்புதான் தந்தது. கார் ரிப்பேர் கடை நடத்தும் பெண். ஜெயித்துவிட்டார். அதே இரவில் கொலராடோவின் 3-வது தொகுதியில், கிட்டத்தட்ட நிச்சயம் என்று எழுதப்பட்ட லாரன் போபர்ட் 546 வாக்கில் தப்பிப் பிழைத்தார். 435 தொகுதி இருக்கும்போது நூற்றில் இரண்டு நடக்கத்தான் செய்யும். எங்குமே நடக்கவில்லை என்றால்தான் அந்தக் கணக்கைச் சந்தேகப்பட வேண்டும். நீங்களும் எண் போடுங்கள். ஆனால் 70 சதவீதம் என்று எழுதிவிட்டு வாயால் "உறுதி" என்று சொல்லாதீர்கள்.

குக் பொலிட்டிக்கல் ரிப்போர்ட், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கிரிஸ்டல் பால், இன்சைட் எலெக்ஷன்ஸ் ஆகிய மூன்றின் தரப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 'டாஸ்-அப்' என்று இருப்பவற்றை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள் புதியவர்கள். தவறு. இழுபறி இடங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் சேர்ந்து சரியும். 2006-ல் வர்ஜீனியா, மொன்டானா, மிசூரி மூன்றும் மயிரிழையில் ஜனநாயகக் கட்சிக்கே போய், செனட்டே கைமாறியது.

11. பந்தயச் சந்தையை மேற்கோள் காட்டிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். 2022-ல் அங்கே பணம் கட்டியவர்கள் செனட் குடியரசுக் கட்சிக்கு என்றார்கள். போகவில்லை.

12. எண்ணிக்கை இரவில் பொறுமை.

நம் ஊரில் காலை எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினால் மாலைக்குள் பட்டாசு வெடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் அமெரிக்க எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. அங்கே முடிவை அறிவிக்க மத்தியத் தேர்தல் ஆணையம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி எண்ணும். வெற்றியை முதலில் சொல்வது அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்கள். ஃபுளோரிடா வேகமாக முடித்துவிடும். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் தபால் வாக்கின் உறையையே பிரிக்க முடியாது. கலிபோர்னியா வாரக்கணக்கில் எண்ணும். 2018-ல் அங்கே டேவிட் வாலடாவோ ஜெயித்தார் என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்து, பிறகு திரும்பப் பெற்றது. அவர் 862 வாக்கில் தோற்றார். ஜார்ஜியாவில் யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் டிசம்பரில் மறுவாக்குப்பதிவு. மெய்னில் வாக்காளர் வரிசைப்படுத்திய இரண்டாம் விருப்பத்தையும் எண்ணுவார்கள். 2018-ல் ஜாரெட் கோல்டன் முதல் சுற்றில் பின்தங்கியிருந்து அப்படித்தான் ஜெயித்தார்.

சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதல் எண்கள் நவம்பர் 4 விடிகாலை வரும். காபி குடித்துக்கொண்டே தலைப்பு எழுதிவிடத் தோன்றும். கிழக்குக் கரையின் முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து எழுதாதீர்கள்.

13. கணிப்பை எழுத்தில், தேதி போட்டு வையுங்கள்.

அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு தாள். சபையில் குடியரசுக் கட்சி இத்தனையிலிருந்து இத்தனைக்குள், செனட்டில் இத்தனை, நான் கவனிக்கும் முப்பது தொகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம், பக்கத்தில் ஒரு வரிக் காரணம். கீழே, எது நடந்தால் இந்தக் கணிப்பை மாற்றுவேன் என்பதும் வேண்டும். யூடியூபில் பேசியதை வெட்டி ஒட்டி "அன்றே சொன்னேன்" என்று காட்டலாம். தாளில் அது நடக்காது. இந்தப் பட்டியலில் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கலிபோர்னியா எண்ணி முடித்தபின், டிசம்பரில், அந்தத் தாளையும் முடிவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.